பயமில்லாத பையன்

பதினைந்து வயதுப் பையனுக்குப் பயம் என்பதே கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவனுக்குப் பயம் உண்டு. அதைக் கொண்டுபோய் இறக்கிவைக்கத்தான் ஆளில்லை.

விருத்தாசலத்துக்கு மேற்கே மங்களூரில் எனக்குப் பெரியம்மா முறையாக வேண்டிய ஒருவர் இருக்கிறார். ஐந்து வயதிலிருந்து பேரனை அவர்தான் வளர்க்கிறார். மகனும் மருமகளும் பிழைப்புக்காகச் சென்னைக் கோயம்பேட்டில். கடலூர் ஜில்லாவிலிருந்து இப்படிப் போயிருந்தவர்கள் எத்தனை பேர் என்பது, 2020 மே மாதம் அந்தச் சந்தையில் கொரோனா பரவி, கிடைத்த வண்டியில் ஏறி எல்லோரும் ஊர் திரும்பியபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

பேரன் வெலிங்டன் ஏரி மதகிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறான். அடுத்த வீட்டு மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் பறக்கிறான். "நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதறியே, இவனுக்கு ரெண்டு வார்த்தை புத்தி சொல்லக் கூடாதாப்பா?" என்றார் பெரியம்மா.

சொல்லப் போனவனுக்கு அவன் சொன்னான்: எந்தத் திருப்பத்தில் யார் விழுந்தார்கள், யாருக்கு மண்டை உடைந்தது, எல்லாம். போலீஸ்காரருக்குக்கூட அவ்வளவு தெரியாது!

"அப்புறம் ஏண்டா?"

"வீட்ல இருந்தா நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரியா இருக்கும் பெரியப்பா. வண்டியில போனா அது போயிடும்."

பொங்கலுக்கு வர முடியாது என்று அப்பா போனில் சொன்ன அன்றுதான் வண்டி ஓடையில் விழுந்ததாம். அதைப் பெரியம்மா வேறு பேச்சுக்கு நடுவே சொன்னார்.

இங்கிலாந்தில் ஜான் பௌல்பி என்ற மனோதத்துவ மருத்துவர் 1944-இல், திருட்டுப் பழக்கமுள்ள 44 சிறுவர் சிறுமியரைப் பற்றி எழுதினார். யாரிடமும் பாசம் ஒட்டாதவர்கள் என்று அவர் கணித்த 14 பேரில் 12 பேர், குழந்தைப் பருவத்தில் தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். உடனே கோயம்பேட்டிலிருக்கும் அந்தத் தாயின் தலையில் பழியைப் போட்டுவிடாதீர்கள். பிரிவின் விளைவுகளை முன்பு மிகைப்படுத்திவிட்டோம் என்று பௌல்பியும் சகாக்களும் 1956-இல் தாங்களே எழுதினார்கள். சொன்னதைத் திருத்திக்கொள்ளும் பண்டிதர்களை எனக்குப் பிடிக்கும்.

பிரிந்த பிள்ளையெல்லாம் கெட்டுப் போவதில்லை என்பதற்கு இங்கிலாந்து வரை போவானேன்? கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் போனவர். அபாயமில்லாத காரியமா அது? ஆனால் போன இடமான விழுப்புரத்தில் ஒரு மாமா இருந்தார். பாரதியைப் பற்றியும் பொதுவுடைமையைப் பற்றியும் அவனுக்குச் சமமாக உட்கார்ந்து பேச ஒரு மாமா!

மங்களூர்ப் பையனுக்கோ, பிளஸ் டூ முடித்ததும் புது வண்டி வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019-இல் திருத்திய சட்டம். "அப்போ ஜெயிலுக்கு நான்தானே போவணும்?" என்று பெரியம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிரவே கோயம்பேட்டுக்குப் போன் செய்தேன். "வண்டி கிடக்கட்டும். தினமும் ராத்திரி பத்து நிமிஷம் அவனோடு பேசு. மார்க்கைப் பற்றிக் கேட்காதே" என்றேன்.

எதிர்ப்புறத்தில் லாரி ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, "என்ன பேசறதுன்னு தெரியலயேண்ணா" என்றான்.