ஆரவாரமற்ற வாயில்

பெருநகரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கூட்டம் செல்லும் வழியிலேயே செல்வர். கூட்டம் இறங்கும் நிலையத்தில் இறங்குவர். கூட்டம் நிமிர்ந்து நோக்கும் கோபுரத்தைத் தாமும் நிமிர்ந்து நோக்குவர். மாலையில் விடுதிக்குத் திரும்பியபின், அன்று கண்டது நகரையா, முன்னே சென்றோரின் முதுகுகளையா என்று எண்ணிப் பார்த்தால் விடை கூறுதல் எளிதன்று. நகரின் உள்ளத்தை அறிய விரும்புவோர்க்கு மற்றொரு வழி உண்டு. பலரும் இறங்காத நிலையத்தில் இறங்கி, அதன் சுற்றுப்புறத்தை மெல்ல நடந்து காண்பதே அவ்வழியாகும்.

உலகில் முதன்முதலாகச் சுரங்க இரயில் ஓடிய நகரம் இலண்டன். அது நிகழ்ந்த ஆண்டு 1863. அதன்பின் ஏழாண்டுகள் கழித்து, 1870ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், தேம்ஸ் ஆற்றங்கரையில் டெம்பிள் என்னும் நிலையம் திறக்கப்பெற்றது. டிஸ்டிரிக்ட், சர்க்கிள் என்னும் இரு தடங்களின் வண்டிகள் இங்கு நின்று செல்கின்றன. காலையில் வழக்குரைஞரும் அலுவலரும் விரைந்து படியேறுவர். மாலையில் அவ்வாறே விரைந்து இறங்குவர். மற்ற வேளைகளிலும் வார இறுதியிலும் நடைமேடையில் பெருங்கூட்டத்தைக் காண்பது அரிது. பாதை மிகுந்த ஆழத்தில் அமையவில்லை. ஆதலின் நீண்ட நகரும் படிகளும் இங்கு இல்லை. சில படிகள் ஏறினால் வானம் தெரிகின்றது. சாலையைக் கடந்தால் தேம்ஸ் ஆறு ஓடுகின்றது.

இங்கே பயணி முதலில் காண வேண்டியது யாது? தன் காலடியில் உள்ள நிலத்தையே! இன்று இரயிலும் ஊர்திகளும் செல்லும் இவ்விடம் ஒருகாலத்தில் ஆற்றின் சேற்றுக்கரையாக இருந்தது. அதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. நிலையத்திலிருந்து மேற்கே சில நிமிடம் நடந்தால் சாமர்செட் மாளிகை என்னும் பெருங்கட்டடம் தோன்றும். சர் வில்லியம் சேம்பர்ஸ் என்னும் சிற்பியின் திட்டப்படி 1776ஆம் ஆண்டு தொடங்கி எழுப்பப்பெற்றது அது. அதன் ஆற்றுமுகத்தில் ஒரு பெரிய வளைவைக் காணலாம். அக்காலத்தில் ஆற்றுநீர் மாளிகையின் அடிச்சுவரைத் தொட்டு நின்றது. படகுகள் அவ்வளைவின் வழியே உள்ளே புகுந்தன. இன்று அவ்வளைவுக்கும் ஆற்றுக்கும் இடையே அகன்ற சாலை கிடக்கின்றது.

ஆறு விலகியது எங்ஙனம்? அது துயரத்தில் பிறந்த வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலண்டன் நகரின் கழிவெல்லாம் தேம்ஸில் கலந்தது. அந்நீரையே மக்கள் பலர் பருகினர். வாந்திபேதி மீண்டும் மீண்டும் தோன்றி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1858ஆம் ஆண்டின் கோடையில் ஆற்றினின்று எழுந்த நாற்றம் பாராளுமன்றத்தினுள்ளும் புகுந்தது. சாளரத் திரைகளைச் சுண்ணாம்புக் காரக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஏழையர் குடிசையில் பல்லாண்டு வீசிய நாற்றம் ஆள்வோரின் மன்றத்தை எட்டிய பின்னரே பெருஞ்செலவுக்கு இசைவு கிடைத்தது.

அப்பணியை நிறைவேற்றியவர் ஜோசப் பாசல்கெட் என்னும் பொறியியல் வல்லுநர். அவர் ஏறத்தாழ 82 மைல் நீளமுள்ள பெருங்கழிவுநீர்க் கால்வாய்களை நிலத்தடியில் அமைத்தார். அவற்றுள் ஒன்றை ஆற்றோரமாகக் கொண்டு செல்லும் பொருட்டு, ஆற்றின் ஒரு பகுதியைத் தூர்த்துக் கருங்கல்லால் கரை கட்டினார். விக்டோரியா கரைச்சாலை எனப்படுவது அதுவே. மேலே சாலை, அதன்கீழே ஒருபால் கழிவுநீர்க் கால்வாய், மற்றொருபால் இரயில் பாதை. ஒரே முயற்சியில் விளைந்த பயன்கள்தாம் எத்தனை! 1864இல் தொடங்கிய சாலை 1870 ஜூலை 13ஆம் நாள் திறக்கப்பெற்றது. இலண்டனில் வாந்திபேதி இறுதியாகப் பெருவாரியாகப் பரவியது 1866இல். அப்போதும் அது கொடுமையாகத் தாக்கியது, புதிய கால்வாய் அமைப்பு நிறைவு பெறாத கீழைப் பகுதியையே. நிலத்தடிக் கால்வாயின் அருமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? நகரம் பின்னும் பெருகியது. அக்கால்வாய்கள் மட்டும் போதாமல், 25 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கம் ஒன்று அமைக்கப்பெற்று 2025இல் முழுமையாகச் செயற்படத் தொடங்கியது. பழைய கால்வாய்கள் இன்றும் உழைக்கின்றன.

சாமர்செட் மாளிகையில் இப்போது கோர்ட்டால்ட் ஓவியக்கூடம் இருக்கின்றது. காதில் கட்டுடன் வான்கோ தம்மையே வரைந்த 1889ஆம் ஆண்டு ஓவியம் அங்கு உண்டு. வறுமையிலும் நோயிலும் வாழ்ந்த அக்கலைஞரின் முகத்தை அருகில் நின்று நோக்கலாம். அதனைக் கண்டு வடபுறமாக வெளியேறினால் ஸ்டிராண்டு என்னும் பெருவீதி. அவ்வீதி வழியே கிழக்கே சென்றால், 1882இல் திறக்கப்பெற்ற அரச நீதிமன்றங்கள் கோபுரங்களுடன் எதிர்ப்படும். வழக்கு விசாரணையைப் பொதுமக்களும் அமைதியாக அமர்ந்து காணலாம். நீதி மறைவில் வழங்கப்படலாகாது என்னும் கொள்கை அங்குக் கல்லும் கதவுமாக நிற்கின்றது.

நீதிமன்றங்களைக் கடந்து தென்புறமாக ஒரு குறுகிய சந்தில் திரும்பினால் வீதியின் ஓசை திடீரென அடங்கும். நிலையத்திற்குப் பெயர் தந்த டெம்பிள் வளாகம் இதுவே. டெம்பிளர் எனப்பட்ட சமயப் போர்வீரர் இங்கு வட்ட வடிவில் ஒரு தேவாலயம் கட்டினர். அது 1185இல் வழிபாட்டிற்கு உரியதாக்கப்பெற்றது. இளம் அரசனுக்காக நாட்டைக் காத்து, மாபெரும் உரிமைச் சாசனத்தை மீண்டும் வெளியிடச் செய்த வில்லியம் மார்ஷலின் கல்லுருவம் அதன் தரையில் கிடக்கின்றது. 1941 மே 10ஆம் நாள் இரவு எதிரிகளின் தீக்குண்டுகள் வீழ்ந்தன, கூரை எரிந்தது, தூண்கள் வெடித்தன. மக்கள் மனந்தளரவில்லை. பழைய தூண்கள் சற்றே வெளிப்புறம் சாய்ந்திருந்தமையால், புதிய தூண்களையும் அவ்வாறே சாய்த்து நிறுத்தினர். வட்டப் பகுதி 1958இல் மீண்டும் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது.

போர்வீரர் சென்றபின் இவ்விடம் சட்டம் பயில்வோரின் இருப்பிடமாயிற்று. மிடில் டெம்பிள், இன்னர் டெம்பிள் என்னும் இரு சட்டக் கழகங்கள் இங்கு உள்ளன. மிடில் டெம்பிளின் மண்டபத்தில் 1602 பிப்ரவரி 2ஆம் நாள் சேக்சுபியரின் 'பன்னிரண்டாம் இரவு' நடிக்கப்பெற்றது. அங்குப் பயின்ற மாணவர் ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தமையால் உலகம் அதனை அறிந்தது.

இந்தியாவிலிருந்து செல்லும் பயணி, இன்னர் டெம்பிளின் முற்றத்தில் சிறிது நேரம் நின்றே தீருவான். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்னும் இளைஞர் 1888இல் இக்கழகத்தில் சேர்ந்து 1891இல் பாரிஸ்டர் ஆனார். 1922இல் இராசத்துரோகக் குற்றம் சாட்டி ஆங்கில அரசு அவரைச் சிறையிட்டது. அதே ஆண்டில் கழகமும் அவர் பெயரைத் தன் ஏட்டினின்று நீக்கியது. சட்டம் பயின்ற இடமே, சட்டத்தின் பெயரால், அவரை விலக்கியது! அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆனபின், 1988இல், அப்பெயர் மீண்டும் ஏட்டில் சேர்க்கப்பெற்றது. அடித்த பெயரை மீண்டும் எழுத 66 ஆண்டுகள் ஆயின. காலந்தாழ்ந்த நீதியன்றோ இது எனச் சிலர் கூறலாம். அவர் கூற்றும் உண்மையே. ஆயினும், செய்த தவற்றை ஒருபோதும் திருத்தாத ஏட்டைவிடக் காலந்தாழ்ந்தேனும் திருத்திய ஏடு மேலானது.

இத்துணைக் காட்சிகளும் ஒரு நிலையத்தைச் சுற்றி அரை மைல் தொலைவிற்குள் அடங்கியுள்ளன. எனினும் வளாகத்தின் கதவுகள் எந்நாளும் திறந்திருப்பதில்லை; நாளும் நேரமும் அறிந்து செல்லுதல் நன்று. விரைவும் வேண்டா. ஒருநாளில் பத்து இடங்களைக் காண முயல்வோர் பத்துப் பெயர்களை மட்டுமே சுமந்து திரும்புவர்.

நோயைத் தடுத்த கால்வாய் எவர் கண்ணிலும் படாமல் ஓடுகின்றது. நாடகத்தின் நினைவைக் காத்தது ஒரு மாணவனின் தனிக்குறிப்பு. நீக்கப்பட்ட பெயர் மீண்டும் ஏறியது ஒரு கழகத்தின் ஏட்டில். இவற்றுள் எதுவும் ஆரவாரத்துடன் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. நகரைத் தாங்குபவை பெரும்பாலும் இத்தகையனவே. கூட்டத்தை விட்டு விலகி நடக்கும் கால்களுக்கும், நின்று நோக்கும் கண்களுக்கும் அவை தாமே புலப்படும்.