பால் பத்தலையோ?

ஒன்றரை மாதக் குழந்தை சாயங்காலமானால் அழத் தொடங்கும். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உரம் விழுந்திருக்கும் என்பார் ஒருவர், கண்பட்டிருக்கும் என்பார் இன்னொருவர். அவையெல்லாம் காதோடு போய்விடும். பார்க்க வந்த சொந்தக்காரர் கேட்கும் “பால் பத்தலையோ?” மட்டும் பெற்றவளின் மனத்தில் தங்கி, ராத்திரியெல்லாம் அரிக்கும்.

அந்த ஒரு கேள்விக்குப் பயந்து பவுடர் பால் டின் வாங்கிய வீடுகள் என் உறவிலேயே உண்டு. புட்டி பழகப் பழகப் பிள்ளை மார்பில் சப்புவது குறையும். சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும் என்பதால் சுரப்பும் குறையும். இல்லாதிருந்த குறை அப்போது உண்மையாகவே வந்துவிடும். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், 80 குழந்தைகள் தினமும் எவ்வளவு நேரம் அழுகின்றன என்று தாய்மார்களைக் குறித்து வைக்கச் சொல்லி, அந்தக் கணக்கை 1962-இல் வெளியிட்டார். ஆறாவது வாரம்தான் உச்சம்; நாளுக்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம், அதுவும் பெரும்பாலும் மாலையில். பிறகு படிப்படியாக அடங்கிவிடுகிறது. வயிறு நிறையக் குடித்து நன்றாக வளரும் பிள்ளையும் இப்படி அழும்.

பசித்த குழந்தை அழுவதற்கு முன்பே சொல்லிவிடும். தலையைத் திருப்பி மார்பைத் தேடும், கையைச் சூப்பும், நாக்கை நீட்டும். வீறிடும்வரை விட்டுவிட்டால் காம்பைப் பிடிக்கவே மறுக்கும்; தோளில் போட்டு ஆற்றிய பிறகுதான் குடிக்கும். பால் போதுமா என்று பார்க்க, நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். காய்ச்சல் இருந்தாலோ, குடிக்காமல் துவண்டாலோ உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

“தூக்கித் தூக்கிப் பழக்காதே” என்றும் சொல்வார்கள். கனடாவில் 1986-இல் வந்த ஆய்வில், வழக்கத்தைவிட அதிக நேரம் கையில் வைத்திருந்த குழந்தைகள் அந்த ஆறாவது வாரத்தில் மற்றவற்றைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. தாராளமாகத் தூக்குங்கள்.

ஆனால் பெற்றவள் ஒருத்தியே எவ்வளவு நேரம் தூக்குவாள்? பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறவர்கள் சாயங்காலமாகப் போங்கள். கைகால் கழுவிவிட்டு, அழுகிற பிள்ளையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் குளித்துவிட்டுச் சூடாக நாலு வாய் சாப்பிடட்டும்.