ஞாயிற்றுக்கிழமை மண்டபமும் வீட்டுப் பாடமும்

பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிப்பிப்பது என்பது இலங்கையின் தோட்டப் பகுதிகளில் ஒரு காலத்தில் துரைமார் பங்களாவுக்கு மாத்திரம் உரிய வழக்கமாக இருந்தது. சார்லட் மேசன் என்ற ஆங்கில மாது 1887ஆம் ஆண்டிலே பெற்றோருக்கென ஒரு கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கம் வகுத்த பாடத்திட்டமும், வாசிக்க வேண்டிய நூல்களின் ஜாபிதாவும், தவணை முடிவில் எழுத வேண்டிய பரீட்சை வினாக்களும், குடியேற்ற நாடுகளில் சிதறி வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்களின் வீடுகளுக்குக் கப்பலேறித் தபாலில் வந்து சேர்ந்தன. தொழிலாளர் லயத்துப் பிள்ளையின் கல்வியோ, ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிக்கும் பொறுப்பை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துரையின் தலையிற் சுமத்திய பின்னருங்கூட, பெரும்பாலும் ஓர் ஒற்றை அறையும் ஓர் ஒற்றை ஆசிரியருமாகவே நின்றுவிட்டது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது; தோட்டத்துக்கு வரவில்லை. 1970களின் பிற்பகுதியில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகுதான், மற்றப் பிள்ளைகளுக்கு உரிய பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

அப்படிக் காத்திருந்து பெற்ற பள்ளிக்கூடம், 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாவின் நிமித்தம் ஒரே நாளில் பூட்டப்பட்டு, இடையிடையே திறப்பதும் மூடுவதுமாக ஏறத்தாழ இரண்டு வருஷங்கள் தடுமாறியபொழுது, பங்களா வழக்கம் என்று நான் மேலே சொன்ன வீட்டுக் கல்வியானது, ஒரு காம்பராவும் ஒரு குசினியும் ஓர் இஸ்தோப்புமாக உள்ள லயத்து வீட்டுக்குள்ளே யாருடைய சம்மதத்தையும் கேளாமல் நுழைந்தது. அரசாங்கம் நேத்ரா தொலைக்காட்சியில் 'குரு கெதர' என்ற நிகழ்ச்சியைத் தமிழிலும் ஒளிபரப்பியது உண்மையே. தொலைக்காட்சி இருந்த வீட்டில் அந்த நேரத்துக்கு மின்சாரம் இருக்க வேண்டும். கைத்தொலைபேசி இருந்த வீட்டில் அதற்கு அலை கிடைக்க வேண்டும். ஊவாவிலே ஒரு கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் அலை தேடிக் காட்டுவழியே நடந்து பாறை உச்சியில் ஏறியமர்ந்த படங்கள் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. சீதாவக்கை கங்கையின் இரு கரையிலும் மலைமடிப்புகளுக்குள் ஒளிந்துகிடக்கும் எங்கள் தோட்டங்களின் நிலைமையும் அதுவே. படம் பிடிக்க ஒருவரும் வரவில்லை என்பதுதான் வித்தியாசம்.

தெரணியகலையிலிருந்து மாலிபொடைப் பக்கமாக ஏறிச் செல்லும் வழியெங்கும் இறப்பரும் தேயிலையும் கலந்தே கிடக்கின்றன. வெளியூரார் இவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். பிள்ளையின் படிப்பைப் பொறுத்தவரை இவை இரண்டும் இரண்டு உலகங்கள். இறப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது வெயில் ஏறுமுன் உள்ள குளிர்ந்த வேளையிலாதலால், பால் வெட்டும் தாய் விடிவதற்கு முன்பே கத்தியோடு மலைக்குப் போய், சிரட்டைகளில் வடிந்ததைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பகலோடு வீடு திரும்பிவிடுகிறாள். கொழுந்து பறிக்கும் தாயோ பொழுது சாயும் நேரத்திலேதான் கூடையை இறக்குகிறாள். முன்னவளுக்குப் பின்னேரம் உண்டு. பின்னவளுக்கு இரவு மாத்திரமே உண்டு. காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை, அன்றைய கூலிக்குரிய பேரும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிள்ளைக்கு ஒரு முழுநாள் தாய் கிடைக்கிறாள். மழைக்குப் பேர்போன இந்தப் பிரதேசத்தில் இறப்பர்த் தோட்டத்து வீட்டுப் பாடத்தின் கால அட்டவணையை எழுதுவது வானமேயன்றி வேறொருவருமல்லர்.

கட்டுப்பாடுகள் தளர்ந்த மாதங்களில், கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் அறநெறி வகுப்பு முடிந்த கையோடு, நாலைந்து தாய்மாரும் ஊரிலேயே முடங்கிக்கிடந்த இரண்டு பட்டதாரிப் பிள்ளைகளும் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற நானுமாகச் சேர்ந்து பொதுவானதொரு கூட்டு வகுப்பை ஆரம்பித்தோம். பாடசாலைகள் திறந்த பின்னரும் அது நிற்கவில்லை. 2022இல் எரிபொருள் கிடையாமல் பஸ்கள் நின்று, பாடசாலை வாரத்தில் மூன்று நாளாகச் சுருங்கியபோது, அதன் அவசியம் முன்னையினும் அதிகமாயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் போட்டியாக எழுந்ததன்று இவ்வகுப்பு. ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போயே ஆக வேண்டும் என்பது இந்நாட்டின் விதி, அதில் எனக்குப் பூரண சம்மதம். பள்ளிக்கூடம் விட்டுவைத்த நாட்களையும் பள்ளிக்கூடம் எட்டாத விஷயங்களையும் பங்கிட்டுக்கொள்வதற்கே வீடும் மண்டபமும் முன்வந்தன. எதை எங்கே வைப்பது என்பதிலேதான் சங்கடம் பிறந்தது.

பட்டதாரிப் பிள்ளைகள் இருவரும் உற்சாகம் மிகுந்தவர்கள். அவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் தமிழ், கணிதம், சுற்றாடல் என்று பாடத்துக்கு ஒரு தாளாக அச்சடித்து, அடுத்த ஞாயிற்றுக்குள் எழுதி முடித்துக் கொண்டுவரும்படி கொடுத்தனுப்பினார்கள். நாலாம் வகுப்புப் பெண்ணொருத்தியின் தாய், பால் வெட்டுகிறவள், சில வாரங்களில் என்னிடம் வந்து நின்றாள். "மாஸ்டர், நீங்க குடுக்கிற தாள எழுதி முடிக்கிறதுக்கே வெள்ளிக்கிழம ஆயிருதுங்க. எம்புள்ளைக்கு இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. அதச் சொல்லிக் குடுக்கத்தான் நான் மழ நாளுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். அந்த நாளையும் தாள் தின்னுருதே?" என்றாள். கல்வித் தத்துவம் பேசும் பெரிய புத்தகங்களிலும் இவ்வளவு துலக்கமாக இந்தப் பிரச்சினை சொல்லப்பட்டதை நான் வாசித்ததில்லை.

வாரத்தில் ஒருமுறை கூடும் வகுப்பு தன்னுடைய பாடத்தை வீட்டுக்குள் அனுப்பத் தொடங்கிய கணத்திலேயே, வீட்டின் பாடத்திட்டம் மெல்ல மெல்லச் செத்துப்போகிறது. தாய், தன் பிள்ளைக்கு எது தெரியும் எது தெரியாது என்று அறிந்த ஒரே மனுஷியாக இருந்தும், பிறர் கொடுத்த வேலையை வாங்கிக் கொடுக்கும் கங்காணியாகிவிடுகிறாள். இதற்கு மாறாக, மண்டபத்தில் நடந்ததற்கும் வீட்டில் நடப்பதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாமற் போனால், ஞாயிறு ஒரு சில்லறைத் திருவிழாவாகக் கழிந்துவிடும். இரண்டும் சமமாக இருக்க வேண்டும் என்று சமரசம் பேசுவோர் உண்டு. என் அபிப்பிராயத்தில் சமத்துவத்துக்கு இங்கே இடமில்லை. வீட்டுப் பாடமே பிரதானம். வாராந்தரக் கூட்டம் அதற்கு அடங்கியது. ஒரு தாய் தனியே தன் வீட்டில் செய்யக்கூடிய எதையும் மண்டபத்தில் செய்யலாகாது.

அப்படியானால் மண்டபத்துக்கு மிஞ்சுவது என்ன? நிறைய உண்டு. ஒரு பிள்ளை தனியே விவாதம் பண்ண முடியாது. தனியே நாடகம் போட முடியாது. லயத்து வீட்டுக்குள் தமிழ் மாத்திரமே புழங்க, சிங்களத்தைப் புத்தகத்தில் எழுத்தாகக் கண்டு பரீட்சைக்காகப் பாடமாக்கும் பிள்ளைகளோடு, அயற்கிராமத்துச் சிங்களப் பெண்மணியொருத்தி மண்டபத் திண்ணையில் உட்கார்ந்து, சந்தையில் மரக்கறி வாங்குவது போலவும் பஸ் நடத்துநரிடம் மிச்சக்காசு கேட்பது போலவும் பேசிப் பழக்கினாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக எந்த வீட்டிலும் எதையும் வைக்க முடியாது.

மற்றொன்றையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு, பால் வெட்டும் தாய்மாரில் ஒருத்தி இரண்டு சிரட்டைகளில் கொஞ்சம் இறப்பர்ப் பால் கொண்டுவந்தாள். ஒன்றில், தண்ணீர் கலந்து ஐதாக்கிய போமிக் அசிட்டைச் சில துளிகள் பெரியவர்களே விட்டு ஒரு குச்சியால் கலக்கினார்கள். மற்றதை அப்படியே வைத்தார்கள். பிள்ளைகள் கோழிக்குஞ்சு பொரிப்பதைப் பார்ப்பதுபோல் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அசிட் விட்ட பால் கொஞ்ச நேரத்தில் தடித்து, பிறகு விரலால் தொட்டால் அசையும் வெள்ளைக் கட்டியாகித் தெளிந்த நீரைப் பிரித்துவிட்டது. மற்றச் சிரட்டை பால் பாலாகவே இருந்தது. "இதுவும் உறையுமா?" என்று ஒருவன் கேட்டான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அந்தச் சிரட்டை ஒரு வீட்டுக்கும், அதேபோன்ற வேறு சிரட்டைகள் வேறு வீடுகளுக்குமாகப் போயின. பால், மறுநாளளவில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதிற் பெருகிப் புளிப்பை உண்டாக்குவதனால், தானாகவே உறைந்து நாறத் தொடங்கும். எந்த நேரத்தில் உறைந்தது, எப்போது நாறியது, மழை நாளில் தாமதமா, அடுப்பருகில் வைத்தால் விரைவா என்றெல்லாம் ஒவ்வொரு வீடும் தன்போக்கில் பார்த்தது. எழுதத் தெரிந்த பிள்ளை எழுதியது. எழுத்துக்கூட்டத் தெரியாத நாலாம் வகுப்புப் பெண், தாயின் உதவியோடு 'பால்', 'நாற்றம்', 'காலை' என்ற சொற்களைப் பழகினாள். தாள் எதுவும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு கேள்வி போயிற்று. எந்த வயதுப் பிள்ளையும் தன் அளவுக்கு அதை வளைத்துக்கொள்ள முடிந்தது.

வயது வேறுபாட்டைப் பற்றிச் சிலர் கவலைப்பட்டார்கள். ஆறு வயதும் பதின்மூன்று வயதும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தால் யாருக்குப் படிப்பிப்பது என்றார்கள். சட்டாம்பிள்ளையை வைத்துத் திண்ணைப் பள்ளி நடத்திய சமூகம் இந்தக் கேள்விக்கு அஞ்சத் தேவையில்லை. 1789இல் சென்னையின் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் விடுதியிற் புகுத்தி, மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குப் படிப்பித்து, அந்த அநுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, அது 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது. நமது பழைய ஓராசிரியர்த் தோட்டப் பாடசாலையும் வறுமையின் காரணமாக அதையேதான் செய்தது. எங்கள் மண்டபத்திலும் எட்டாம் வகுப்புப் பையன்கள் சின்னஞ் சிறுசுகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தபோது, அவர்களுடைய சொந்தக் கணக்கே திருந்தியதைக் கண்ணாரக் கண்டேன்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். வீட்டில் தமிழ் பேசாத குடும்பம் அந்த இரண்டு மணி நேரத்தை நம்பியிருந்தால் மொழி வராது என்பதை அங்கிருந்து வரும் உறவினர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர்களை மாலைதோறும் குடியிருப்புகளுக்கு அனுப்பியது; அது நாளாந்தம் நடந்ததாலும் அரசின் கை பின்னே நின்றதாலும் அதன் பிரச்சினைகள் வேறு. வாரத்துக்கு ஒருமுறை கூடுகிற எளிய ஏற்பாட்டுக்கு உள்ள பலம் சிறிது. அந்தச் சிறிதை வீட்டுக்குப் பாரமாக்கிச் செலவழிக்காதிருப்பதே விவேகம்.

தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பகுதித் தோட்டங்களில் இப்போது இதுபோன்ற வகுப்பு நடத்த முன்வரும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தொடங்குமுன் ஒவ்வொரு தாயிடமும் போய், அந்த மாதம் அவள் தன் பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுக்க நினைக்கிறாள் என்று கேளுங்கள். அச்சு இயந்திரத்தின் பக்கம் போகாதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வகுப்பை நீட்டாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு விளையாடவும், அந்தத் தாய்மாருக்குத் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் வாரத்தில் இருப்பது அந்த ஞாயிறு ஒன்றுதான்.