நிர்வாகி

எங்கள் பெண்கள் குழுவின் இணையதளத்தில் நாங்கள் எட்டுப் பேரும் 'எழுத்தாளர்'. வேர்ட்பிரஸ் மென்பொருளில் அது ஒரு பதவி. எழுதலாம், வெளியிடலாம், தளத்தின் அமைப்பைத் தொட முடியாது. 'நிர்வாகி' ஒருவர்தான்: 2007 தொடக்கத்தில் தளத்தை நிறுவிக் கொடுத்த, தோழி ஒருத்தியின் கணவர். பணம் வாங்கவில்லை, அதனாலேயே எங்களால் எதையும் அழுத்திக் கேட்க முடியவில்லை.

2009 செப்டம்பரில் பழைய வேர்ட்பிரஸ் பதிப்புகளை ஒரு புழு தாக்கியது. தனக்கொரு நிர்வாகிக் கணக்கை உண்டாக்கிக்கொண்டு, பயனர் பட்டியலில் தெரியாமல் அதை ஒளித்தும் வைத்தது. எங்களுடையது 2.1. மேம்படுத்தித் தரச் சொன்னோம். "ஓடுறதை எதுக்கும்மா தொடணும்?" என்றார். 2010 ஜூனில் 3.0 வந்ததும் கடவுச்சொல்லைக் கேட்டேன். மூன்று வாரம் கழித்துக் கொடுத்தார். "ஏதாவது ஆச்சுன்னா என்கிட்ட வராதீங்க."

எனக்கும் பயம்தான். புனைபெயரில் தன் கல்யாணத்தைப் பற்றி எழுதியவள், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நேராகத் தளத்திலேயே தட்டச்சு செய்தவள். வீட்டில் காகிதத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய விஷயமா அது? வேறு பிரதி கிடையாது.

படங்கள் உள்ள கோப்புறையையும், எழுத்தெல்லாம் கிடக்கும் தரவுத்தளத்தையும் தனித்தனியே இறக்கிக்கொண்டேன். ஒன்று இல்லாமல் இன்னொன்று பயன்படாது. எடுத்த பிரதி திரும்ப உயிர் பெறுமா என்றும் பார்க்க வேண்டுமே. மடிக்கணினியில் ஸாம்ப் நிறுவி, தளத்தின் நகலை ஏற்றி, பிளகின்களை நிறுத்திவிட்டு அங்கேயே மேம்படுத்தினேன்.

தமிழைக் காணோம். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் ஒரு 'ஆர்', மறுபடி 'ஏ'. அவளுடைய கட்டுரை முழுக்க அப்படி. நகல்தான் என்று தெரிந்தும் கை நடுங்கியது.

இரவு இரண்டு மணிக்குக் காரணம் பிடிபட்டது. பழைய தரவுத்தளம் எங்கள் தமிழை லத்தீன் எழுத்து என்று நினைத்துக்கொண்டே இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. 2.2 முதல் அமைப்புக் கோப்பில் யுடிஎஃப்-8 என்று குறிப்பிடும் ஒரு வரி உண்டு. நான் புதிய மாதிரிக் கோப்பைப் பயன்படுத்தியதில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. லத்தீன் என்று பெயரிட்டிருந்ததை இன்னொரு முறை மாற்றிக் காட்டியது. வரியை நீக்கினேன். அவள் கல்யாணம் வரிக்கு வரி திரும்பி வந்தது.

ஞாயிறு மதியம் உண்மையான தளத்தில் செய்தேன், பழைய அமைப்புக் கோப்பைத் தொடாமல். பத்து நிமிட வேலை. பிறகு பயனர் பட்டியலைத் திறந்து எங்களில் மூவரை நிர்வாகி ஆக்கினேன். அவரை என்ன செய்வது? தோழிக்கு போன் போட்டேன். "எழுத்தாளர் ஆக்கிடுடி" என்றாள்.

அவர் அதைக் கவனிக்க ஏழு மாதம் ஆனது.