மூச்சைப் பழக்கும் வீரர்கள்

போர்முனையிலிருந்து திரும்பியவருக்குக் கதவு படாரென்று சாத்தும் ஓசை போதும், உடம்பு மறுபடி சண்டைக்கு ஆயத்தமாகிவிடும். தூக்கம் போய்விடும். வீட்டிலுள்ளவர்களும் பயந்து பயந்து நடப்பார்கள். அப்படித் திரும்பிய அமெரிக்கப் படையினர் இருவரையும், லிஃப்டில் ஏற அஞ்சும் ஒரு சிறுவனையும் பின்தொடர்கிறது ‘ஃப்ரீ தி மைண்ட்’ என்ற ஆவணப்படம். டென்மார்க்கின் ஃபீ ஆம்போ 2012-இல் இயக்கியது.

படத்தின் நடுவே நிற்பவர் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர் ரிச்சர்ட் டேவிட்சன். பயத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் கருவிகளால் கருணையை ஏன் ஆராயக்கூடாது என்று 1992-இல் தலாய் லாமா அவரைக் கேட்டார். அவரது ஆய்வு திசை திரும்பியது அதற்குப் பிறகுதான்.

சிறுவர்களுக்கு அவரது ஆய்வு மையம் வகுத்த பயிற்சி எளிமையானது. மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு சிறு பொருளை வைத்து, மூச்சோடு அது ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் நிற்காத பிள்ளையை ‘அமைதியாக இரு’ என்று அதட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வீரர்களுக்குக் கற்பித்தது சுதர்சன கிரியை. பெங்களூரின் வாழும் கலை அமைப்பு பரப்பிய மூச்சுப் பயிற்சி அது. அதைப் பற்றிய ஆய்வின் முடிவுகள் 2014-இல் வெளியாயின. பயிற்சி பெற்றவர்களிடம் போர் அதிர்ச்சியின் அறிகுறிகளும் பதற்றமும் குறைந்தன. மூச்சின் வேகமும் தணிந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்களே மொத்தம் 21 பேர். நம்பிக்கை கொள்ளலாம், தீர்ப்புச் சொல்ல அது போதாது.

தியானத்தைப் பற்றி இன்னும் பெரிய ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்தது. மனச்சோர்வு திரும்பத் திரும்பத் தாக்கிய 424 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். தியானம் கலந்த சிகிச்சை பெற்று, மாத்திரையைக் குறைத்தோ நிறுத்தியோ வந்தவர்களில் 44 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம். ‘லான்செட்’ மருத்துவ இதழ் 2015-இல் வெளியிட்ட இந்தக் கணக்குப்படி இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. மாத்திரை வேண்டாம் என்பவருக்கு இன்னொரு நல்ல வழி கிடைத்திருக்கிறது. அதுவே பெரிய செய்தி. படம் பார்த்த வேகத்தில் மருந்தைத் தாமாக நிறுத்துவது மட்டும் ஆபத்து.

கண்ணை மூடியதும் சிலருக்குப் பழைய குண்டுவெடிப்பே எதிரே வந்து நிற்கும். தியானத்தில் பயமும் தூக்கமின்மையும் கூடியவர்களின் அனுபவங்களை பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே போர் அதிர்ச்சியோடு வருபவருக்குக் கற்பிப்பவர் மனநோயின் போக்கு அறிந்தவராக இருக்க வேண்டும். எதிரே இருப்பவரின் முகம் மாறும்போது, கண்ணைத் திறந்து எழுந்து கொஞ்சம் நடக்கச் சொல்ல அவருக்குத் தெரிய வேண்டும்.