"குரங்கணிக்கா... என்ன மாசம்?" - அம்மா கேட்ட ஒரே கேள்வி!

போன வருஷம் பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. 'மகளிர் தின ஸ்பெஷல், பெண்கள் மட்டும், கொழுக்குமலையில் சூரிய உதயம், அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் ட்ரெக்கிங்'. ஆபீஸ் தோழிகள் மூன்று பேர் உடனே ரெடி. நானும் 1,500 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தது.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் சொல்லாமலே போயிருப்பேன். என் ஊர் போடிநாயக்கனூர். குரங்கணி, எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடுகிற தூரம். சென்னையில் இருப்பதாகப் பொய் சொல்லிவிட்டு, அம்மா தினமும் வாசலில் நின்று பார்க்கிற மலையில் நடக்க மனசு வரவில்லை. (காலேஜ் படிக்கும்போது ஏற்காட்டுக்கு அப்படிப் பொய் சொல்லிப் போயிருக்கிறேன். அது வேறு கதை.)

போன் பண்ணிச் சொன்னேன்.

"குரங்கணிக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்ன மாசம்?" என்றார்.

"மார்ச் எட்டும்மா."

"மாசிக் கடைசி. புல்லெல்லாம் காஞ்சு கெடக்கும். வேணாம்."

வைத்துவிட்டார். அப்பாவிடம் பேசினேன். "உங்கம்மாகிட்டயே பேசு" என்று நழுவிவிட்டார். அப்பாக்களின் தேசிய வசனம்!

அம்மாவின் அந்த 'வேணாம்' எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நான் ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்கு மேல் ஆம்புலன்ஸ் சத்தம் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. குரங்கணி மலையில் தீ, ட்ரெக்கிங் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று தெரு முழுக்கப் பேச்சு. மீட்புப் படையும் ஹெலிகாப்டரும் வருவதற்கு முன்பே, மலையடிவாரத்து ஜனங்கள் போர்வைகளை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, காயம்பட்டவர்களைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். எங்கள் தெருப் பெண்களோடு அம்மாவும் தண்ணீர் பாட்டில்களோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். நள்ளிரவுக்கு மேல் திரும்பி வந்து, தலைக்குக் குளித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எல்லாம் உன்னவிட அஞ்சாறு வயசுதான் கூட இருக்கும்" என்றார். அதற்குமேல் இன்றுவரை அந்த ராத்திரியைப் பற்றிப் பேசியதில்லை.

அவர்களும் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள்தான். நிறைய பேர் பெண்கள். முதலில் 9 என்று வந்த எண்ணிக்கை, ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராக இறந்து, கடைசியில் 23 ஆனது.

இதெல்லாம் தெரிந்தும் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. மறுநாள் திரும்பவும் போன் பண்ணி, என்னிடம் இருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தேன். "நீ மட்டும் போகலையா?"

நான் எட்டாவது படிக்கும்வரை அம்மா ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். விடியும் முன்னே ஜீப்பில் ஏறினால், போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இடுக்கி மாவட்டத் தோட்டங்கள். ஜீப்புக்குள் ஆளோடு ஆள் அடைந்து உட்கார்ந்து போவார்கள். மழைக்காலத்தில் பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டி தெரியாது. இன்றைக்கும் போடி, கம்பம் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள். தோட்ட ஜீப் கவிழ்ந்த செய்தியை டெஸ்க்கில் நானே டைப் செய்து, நோட்டிஃபிகேஷன் அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் ஆனால் அம்மாச்சி வாசலில் உட்கார்ந்து, மலையில் இறங்குகிற லைட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும். எந்த லைட் அம்மா வருகிற ஜீப் என்று அதற்கு எப்படித் தெரியுமோ!

"அது வயித்துக்குப் போனது. இது எதுக்குப் போறது?" என்றார் அம்மா.

பதில் இல்லை. அழகாக இருக்கும், ஆசையாக இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் நோஞ்சானாகத் தெரிந்தது. என் சத்தம் இறங்கியதும் அம்மாவே சொன்னார். "போகவே கூடாதுன்னு நான் சொல்லல. யாரு கூட்டிட்டுப் போறா, அவனுக்கு இந்தக் காடு தெரியுமா, ஒண்ணுன்னா எங்கிட்டு எறங்குவான்... கேட்டியா?"

கேட்கவில்லை. வேலை நேரம் முழுக்க மற்றவர்களிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன். என் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு போஸ்டரை நம்பி ஜிபே பண்ணியிருக்கிறேன்.

ஏற்பாட்டாளருக்கு போன் போட்டேன். ஃபாரஸ்ட் பர்மிஷன்? "அதெல்லாம் நம்ம ஆளுங்க பார்த்துப்பாங்க சிஸ்டர்." கைடு எந்த ஊர்? "கோயம்புத்தூர். நாலஞ்சு தடவை வந்திருக்காரு." தீ பிடித்தால் எந்தப் பக்கம் இறங்குவோம்? சிரித்துவிட்டார். "ஏன் சிஸ்டர் நெகட்டிவா யோசிக்கிறீங்க?"

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து தேடினேன். 2018 விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று வனத்துறையே 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைன் புக்கிங் தொடங்கியது. அந்தந்த மலைப்பகுதி ஆட்களே கைடாக வருவார்கள். அதில் குரங்கணி - சாம்பலாறும் ஒன்று. நான் அட்வான்ஸ் கட்டிய அந்த பிப்ரவரியில், காட்டுத் தீ சீசன் என்று வனத்துறை தன்னுடைய பாதைகளையே மூடி வைத்திருந்தது. அம்மா இதை ஒரே கேள்வியில் கேட்டு முடித்திருந்தார். என்ன மாசம்?

நான் போகவில்லை. அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. அந்த ட்ரெக்கிங்கில் விபரீதமாக ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோழிகளைச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏற்றி, கொழுக்குமலையில் சூரியனைக் காட்டி, ஜீப்பிலேயே இறக்கிவிட்டார்களாம். நடக்கவே விடவில்லை என்று திட்டிக்கொண்டே இன்ஸ்டாவில் போட்டோ போட்டார்கள்.

இந்த ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, சாம்பலாறு பாதைக்கு முறையாக புக் பண்ணினேன். புக்கிங் மெசேஜைக் காட்டியதும் அம்மாவின் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. முதல் நாள் ராத்திரி மூன்று தடவை எழுந்து தண்ணீர் குடித்தார். காலையில் பார்த்தால் எனக்கு முன்னால் வயர்கூடையோடு கிளம்பி நிற்கிறார். "கீழ உக்காந்திருக்கேன். நீ போயிட்டு வா."

குரங்கணியில் கைடு அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "மேல ஈரம் இருக்காப்பா?" "பனி விழுதுக்கா, இன்னும் காயல." "அன்னைக்கு நீ மேல போனியா?" எந்த அன்னைக்கு என்று அவர் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சரிப்பா, கூட்டிட்டுப் போ" என்றார் அம்மா.

ட்ரெக்கிங்கைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. மூச்சு வாங்கியது, தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது, சிக்னல் இல்லை.

திரும்பி வந்தபோது அம்மா டீக்கடை அக்காவோடு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. "கால் வலிக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மிச்சமிருந்த மொச்சையையும் உரித்து முடித்தார்.

பஸ்ஸில் வரும்போது போட்டோக்களைக் காட்டினேன். அருவிக்கு முன்னால் நான் கையை விரித்து நிற்கிற படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். என் முகத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் இருந்த சரிவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"புல்லு இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.