மொராக்கோ: கழுதைக்கு வழி விடு

ஃபெஸ் நகரத்தின் பழைய பகுதிக்குள் கார் நுழைய முடியாது. சந்துகள் மட்டும் சுமார் 9,000 என்று கணக்குச் சொல்கிறார்கள். சிலவற்றில் எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சரக்கெல்லாம் கழுதை, கோவேறு கழுதை முதுகில்தான். 'பாலாக்!' என்று அதட்டல் கேட்டால் விலகு என்று அர்த்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் பச்சைத் தோல் அடுக்கிய முதுகு ஒன்று உரசிக்கொண்டு போகும். 14-ம் நூற்றாண்டு பூ இனானியா மதரஸாவின் மரச் செதுக்கல்களைப் பார்க்க வந்த பெற்றோர் பதறுகிறார்கள். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். அரை மணி நேரத்தில் அவர்களே 'பாலாக்' என்று கத்த ஆரம்பித்துவிடுகிறார்கள்.

குழந்தைகளுக்கென்று தனியாக எதுவும் செய்து வைக்காமலே அவர்களைக் குஷிப்படுத்தும் நாடு இது. சோவாரா தோல் பதனிடும் கூடத்தில், நாற்றத்தைச் சமாளிக்க மாடியில் புதினாக் கொத்தைக் கையில் கொடுக்கிறார்கள். தோலை மிருதுவாக்கப் புறா எச்சம் பயன்படுகிறது என்று தெரிந்ததும் குட்டிப் பயணிகளின் கேள்விகள் ஓய்வதில்லை. ஹோட்டல்களில் சர்வர்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய பிறகுதான் ஆர்டர் எடுக்கிறார்கள். இந்திய முகம் என்றால் கடைக்காரர்கள் 'ஷாருக் கான்!' என்று அழைப்பதும் சகஜம். மராகேஷ் திரைப்பட விழா 2012-ல் இந்தி சினிமாவுக்குத் தனி மரியாதையே செய்தது. சைவக் குடும்பங்கள் மட்டும் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். 'காய்கறி கூஸ்கூஸ்' என்று வரும் தட்டிலும் பெரும்பாலும் இறைச்சி வெந்த சாறுதான் இருக்கும்.

சங்கடங்களும் உண்டு. நகருக்குள் ஓடும் 'பெத்தி டாக்சி'யில் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது விதி. நான்கு பேர் கொண்ட குடும்பம் இரண்டாகப் பிரிய வேண்டும், அல்லது பெரிய டாக்சிக்குப் பேரம் பேச வேண்டும். மராகேஷின் ஜமா எல்-ஃப்னா மைதானம் கதைசொல்லிகளுக்கும் வித்தைக்காரர்களுக்கும் பேர்போனது. 2001-ல் யுனெஸ்கோவின் வாய்மொழி மரபுப் பட்டியலில் இடம்பிடித்த இடம். அங்கேயே சங்கிலியில் கட்டிய குரங்கைக் குழந்தையின் தோளில் ஏற்றிவிட்டுப் போட்டோவுக்குக் காசு கேட்கிறார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் பார்பரி குரங்கு அது. வேண்டாம் என்று நடையைக் கட்டுவதே சரி.

ஆனால் குடும்பங்களை உண்மையில் சோதிப்பது தூரம்தான். மராகேஷில் எல்லா ஏஜென்டுகளும் விற்பது 'மூன்று நாளில் சஹாரா'. மெர்சூகாவின் மணல் மேடுகள் அங்கிருந்து சுமார் 560 கிலோமீட்டர். நடுவே 2,260 மீட்டர் உயரத்தில் டிசி-ன்-டிஷ்கா கணவாய். வளைவுக்கு வளைவு ஒரு பிளாஸ்டிக் பை தேவைப்படும். 150 மீட்டர் வரை உயரும் அந்த மணல் மலைகளில் சறுக்கி விளையாடுவது குழந்தைக்கு வாழ்நாள் அனுபவம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு மாலை நேர ஒட்டகச் சவாரிக்காக மூன்று நாளில் இரண்டைக் காருக்குள் கழிப்பது பெரியவர்களின் ஆசையே தவிர, பிள்ளைகளுடையது அல்ல. ஐந்து நாள் கையில் இருந்தால் போகலாம். இல்லையென்றால் விட்டுவிடுவதே உத்தமம்.

வழியில் ஐத் பென்ஹத்து. மண்ணால் கட்டிய கோட்டைக் கிராமம், 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம், 'கிளாடியேட்டர்' படமான இடம். மழை கரைக்கக் கரைக்கச் சுவரைப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். மக்களில் பெரும்பாலோர் ஆற்றுக்கு அக்கரையில் புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தெற்குச் சாலைகளில் ஓலையில் ஒட்டகம் பின்னி விற்கும் சிறுவர்கள் கார் ஜன்னலுக்கு ஓடி வருவார்கள். உள்ளே இருக்கும் குழந்தையின் வயதுதான் அவர்களுக்கும். "இவனுக்கு இன்னிக்கு ஸ்கூல் இல்லையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். 15 வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது சட்டம். ரோட்டோரத்தில் வாங்கிக்கொண்டே இருந்தால் அவன் பள்ளிக்குப் போவது மேலும் தள்ளிப்போகும். பெரியவர்கள் நடத்தும் கடையில் அதே பொருளை வாங்கலாம்.

பாலைவனத்தை விட்டவர்களுக்கு இம்லில் இருக்கிறது. மராகேஷிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். 4,167 மீட்டர் உயரமுள்ள தூப்கால் சிகரத்தின் அடிவாரம். வால்நட் மரங்கள், வாய்க்கால் தண்ணீர், மலைச்சரிவில் பெர்பர் கிராமங்கள். 2023 செப்டம்பர் 8 இரவு 6.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்கிய ஹை அட்லஸ் மலைப் பகுதி இது. 2,900-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய வீடுகள் அப்படியே சரிந்தன. இம்லில் சிறு விடுதிகளையும் கோவேறு கழுதைக்காரர்களையும் நம்பிப் பிழைக்கும் ஊர். அந்த மாதம் வெளிநாட்டவர் போவதா வேண்டாமா என்று தயங்கியபோது, மலை மக்களில் பலர் வரச் சொல்லித்தான் கேட்டார்கள்.

அங்கே ஒரு குடும்பம் இரண்டு இரவு தங்கினால், பணம் மராகேஷ் ஏஜென்டிடம் நிற்காமல் சமைத்துப் போடும் வீட்டுக்கே போய்ச் சேர்கிறது. குழந்தை நடந்து களைத்தால் கோவேறு கழுதை உண்டு. வாடகையை மட்டும் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.